ஸ்ட்ராங்மேன் ‘உலகப் போட்டி’க்கு அழைப்பு வந்தால் கட்டணம் செலுத்தலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது, உடல் எடை 112 கிலோ. வலுதூக்குதலில் மாநில அளவில் போட்டியிட்டிருக்கிறேன். தரையிலிருந்து கம்பியை இடுப்பளவு உயர்த்தும் டெட்லிப்டில் 270 கிலோ தூக்குவேன். எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் இளவட்டக்கல் தூக்குவதும் உண்டு. தன் பெயரிலேயே ‘உலக’ என்ற சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பு, வெளிநாட்டில் நடக்கும் ஸ்ட்ராங்மேன் (கல், மரக்கட்டை போன்ற பாரங்களைத் தூக்கியும் சுமந்தும் வலிமையில் மோதும்) போட்டியில் இந்தியாவின் சார்பில் பங்கேற்க நான் தேர்வாகியிருப்பதாகவும், ‘தேர்வுக் கட்டணம்’ அனுப்பினால் இடம் உறுதியாகும் என்றும் எழுதியிருக்கிறது. இந்த விளையாட்டின் அதிகாரபூர்வமான சர்வதேச அமைப்பு எது? ஓர் அமைப்பின் போட்டியில் கலந்துகொண்டால் மற்றவர்கள் தடை விதிப்பார்களா? ‘வேர்ல்ட்ஸ் ஸ்ட்ராங்கஸ்ட் மேன்’ (உலகின் மிக வலிமையான மனிதர்) போட்டிக்கு எந்த வழியாகப் போவது?

பதில்: கட்டணத்தை இப்போது அனுப்ப வேண்டாம். அந்த அமைப்பு ஏமாற்று அமைப்புத்தான் என்று உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து நான் சொல்லிவிட முடியாது. ஆனால், போட்டியிட்டுப் பெற வேண்டிய தகுதியைப் பணம் கட்டினால் தருவதாக அது சொல்வது ஐயத்துக்குரியது.

அதிகாரபூர்வமான அமைப்பு எது என்ற உங்கள் கேள்விக்கு, அப்படி ஒன்று இல்லை என்பதே விடை. பளுதூக்குதலுக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரம் பெற்ற ஒரே சர்வதேசக் கூட்டமைப்பு இருக்கிறது. அதன்கீழ் நாட்டுக்கொரு சங்கமும், அச்சங்கங்களின்கீழ் மாநிலச் சங்கங்களும் இயங்குகின்றன. ஸ்ட்ராங்மேன் ஒலிம்பிக் விளையாட்டு அன்று. ஒலிம்பிக் குழு அங்கீகரித்த கூட்டமைப்பும் அதற்கு இல்லை. பெரிய போட்டிகள் எல்லாமே நிறுவனங்களோ தனியார் அமைப்பாளர்களோ நடத்துபவை. ஆகவே இத்துறையில் ‘உலக சாம்பியன்’ என்றால் அந்தக் குறிப்பிட்ட போட்டியில் வென்றவர் என்று மட்டுமே பொருள். அப்பட்டத்தின் மதிப்பு, அங்கே யார் யார் போட்டியிட்டார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

நீங்கள் குறிப்பிட்ட வேர்ல்ட்ஸ் ஸ்ட்ராங்கஸ்ட் மேன் போட்டியும் இதற்கு விலக்கில்லை. 1977-ல் கலிபோர்னியாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வளாகத்தில், சிபிஎஸ் தொலைக்காட்சிக்கான நிகழ்ச்சியாகவே அது தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கரான புரூஸ் வில்ஹெல்ம் வென்றார். பின்னர் நெடுங்காலமாக ஐஎம்ஜி என்ற விளையாட்டு வணிக நிறுவனத்தின் கையில் இருந்துவருகிறது. 1987-ல் அப்போட்டி நடத்தப்படவே இல்லை. ஒரு கூட்டமைப்பு தன் உலக சாம்பியன்ஷிப்பை அவ்வளவு எளிதாக விட்டுவிடாது. தயாரிப்பாளருக்கு அது முடியும். போட்டி நடக்கும் ஊரும் ஒப்பந்தத்துக்கேற்ப மாறுகிறது: 2017-ல் போட்ஸ்வானாவின் காபரோன், 2018-ல் மணிலா, அதன்பின் அமெரிக்காவின் பிராடென்டன், சாக்ரமெண்டோ, மிர்ட்டில் பீச் எனச் சுற்றிவந்திருக்கிறது. இருந்தும் இத்துறையின் மிக உயர்ந்த பட்டம் இதுதான் என்பதில் வீரர்களிடையே பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. அந்த மதிப்பை அதற்குத் தேடித் தந்தது எந்தச் சான்றிதழும் அன்று. பில் காஸ்மையர், யோன் பால் சிக்மார்சன், மேக்னஸ் வெர் மேக்னசன், மரியுஸ் புட்சியனோவ்ஸ்கி, பிரையன் ஷா என அதில் வென்றவர்களின் வரிசைதான்.

தடை குறித்த உங்கள் கேள்வி நியாயமானது. அப்படி ஒரு காலம் உண்மையிலேயே இருந்தது. டக்ளஸ் எட்மண்ட்ஸ், ஜேமி ரீவ்ஸ் ஆகியோர் வீரர்களின் பிரதிநிதிகளுடன் சேர்ந்து 1995-ல் இஃப்சா என்ற சர்வதேச வலிமை வீரர்கள் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். அது பல ஆண்டுகள் வேர்ல்ட்ஸ் ஸ்ட்ராங்கஸ்ட் மேன் போட்டியுடன் இணைந்தே செயல்பட்டது. 2000-களின் நடுவில் இரு தரப்பும் பிரிந்தபோது, இஃப்சா முன்னணி வீரர்கள் பலரைத் தன்னோடு மட்டும் ஒப்பந்தம் செய்துகொண்டு, தனியாக ஓர் உலக சாம்பியன்ஷிப்பையும் தொடங்கியது. விளைவாக 2005-ல் சீனாவின் செங்டு நகரில் நடந்த வேர்ல்ட்ஸ் ஸ்ட்ராங்கஸ்ட் மேன் போட்டியில் போலந்தின் புட்சியனோவ்ஸ்கி வென்றார். அதே ஆண்டு கனடாவின் கியூபெக்கில் நடந்த இஃப்சா போட்டியில் லிதுவேனியாவின் சாவிக்கஸ் வென்றார். இருவரும் தத்தம் உச்சத்தில் இருந்த காலம் அது. 2006-ல் ஐஸ்லாந்தில் நடந்த இஃப்சா போட்டியிலும் சாவிக்கஸே வென்றார். ஆனால் எது பெரிய பட்டம் என்ற வாதத்தைத் தீர்க்க அவர்கள் நேருக்கு நேர் நிற்க வேண்டியிருந்தது. ஒப்பந்தங்கள் குறுக்கே நின்றன. 2007-ல் தென்கொரியாவில் நடத்திய போட்டிக்குப் பிறகு இஃப்சாவின் உலக சாம்பியன்ஷிப் நின்றுபோனது. 2009-ல் மால்டாவில் நடந்த வேர்ல்ட்ஸ் ஸ்ட்ராங்கஸ்ட் மேன் இறுதியில் இருவரும் மோதியபோது சாவிக்கஸ் முதலிடமும் புட்சியனோவ்ஸ்கி இரண்டாமிடமும் பெற்றார்கள். ரசிகர்கள் நான்கு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற விடை அது. இரு வீரர்களுக்கோ திரும்பி வராத நான்கு ஆண்டுகள்.

இன்று நிலைமை அவ்வளவு இறுக்கமாக இல்லை. 2008-ல் தொடங்கிய ஸ்ட்ராங்மேன் சாம்பியன்ஸ் லீக், 2009-ல் தொடங்கிய ஜயண்ட்ஸ் லைவ், ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 2002 முதல் நடக்கும் அர்னால்டு ஸ்ட்ராங்மேன் கிளாசிக், உடற்பயிற்சிக் கருவி நிறுவனமான ரோக் நடத்தும் ரோக் இன்விடேஷனல், பிரையன் ஷா 2020-ல் தொடங்கிய ஷா கிளாசிக் ஆகிய எல்லாவற்றிலும் பெரும்பாலும் அதே முன்னணி வீரர்களையே காண்கிறோம். (ஷா பின்னர் தம் போட்டிக்கு ‘பூமியின் மிக வலிமையான மனிதன்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். இத்துறையில் பட்டங்களின் பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.) ஆகவே ஒன்றில் பங்கேற்றதற்காக மற்றொன்றில் உங்களை விலக்குவார்கள் என்று அஞ்சத் தேவையில்லை. எனினும் கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் ‘வேறு போட்டிகளில் பங்கேற்கக் கூடாது’ என்ற பொருளில் ஏதேனும் வரி இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாதனைகளுக்கும் பொதுவான பதிவேடு கிடையாது. 2016-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் அந்நாட்டு வீரர் எடி ஹால் 500 கிலோவை டெட்லிப்ட் செய்தார். 2020 மே மாதத்தில், கொரோனாப் பொதுமுடக்கக் காலத்தில், ஐஸ்லாந்து வீரர் ஹாஃப்தோர் பியோர்ன்சன் தம் நாட்டில் உள்ள சொந்த உடற்பயிற்சிக் கூடத்தில் 501 கிலோ தூக்கினார். நடுவர் இருந்தார், எடை சரிபார்க்கப்பட்டது, நேரலையிலும் ஒளிபரப்பானது. ஆயினும் போட்டிக்கு வெளியே தூக்கியது சாதனையாகுமா என்று ஹால் எழுப்பிய எதிர்ப்பு ரசிகர்களை இரண்டாகப் பிரித்தது. தீர்ப்பு வழங்கும் இடத்தில் எவரும் இல்லாததால் அவ்வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2025-ல் பியோர்ன்சன் போட்டி மேடையிலேயே முதலில் 505, பிறகு 510 கிலோ தூக்கியதும்தான் அது பொருளற்றுப் போனது.

வேர்ல்ட்ஸ் ஸ்ட்ராங்கஸ்ட் மேன் போட்டிக்கான வழிக்கு வருகிறேன். அதற்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. அழைப்பின் பேரில்தான் நுழைய முடியும். ஜயண்ட்ஸ் லைவ் போட்டிகளில் முதல் மூன்று இடங்களைப் பிடிப்பது அழைப்புக்கான முதன்மையான வழி. அண்மை ஆண்டுகளில் 25 பேரை அழைத்து ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு குழுவிலும் முதலிடம் பெற்றவர் நேரே இறுதிக்குச் செல்ல, இரண்டாம் மூன்றாம் இடத்தவர்கள் கல் தூக்கி மோதி அக்குழுவின் எஞ்சிய ஓரிடத்தைத் தீர்மானிக்கிறார்கள். இப்படிச் சேரும் பத்துப் பேர் இறுதியில் போட்டியிடுகிறார்கள். அங்கே கல் தூக்குதல், பாரம் சுமந்து ஓடுதல் போன்ற ஒவ்வொரு பிரிவிலும் முதல்வருக்கு 10 புள்ளி, கடைசியானவருக்கு 1 புள்ளி. ஒரே பிரிவில் மட்டும் வலுவாக இருப்பவர் இந்தக் கணக்கில் வெல்வது அரிது. 2025-ல் தென்னாப்பிரிக்காவின் ரெய்னோ நெல், தாம் பங்கேற்ற முதல் ஆண்டிலேயே வென்று, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் சாம்பியன் ஆனார். ஆக, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிறந்தவர்களுக்கு மட்டுமே உரிய களம் அன்று அது.

ஆனால் உங்கள் உடல் எடையை வைத்துப் பார்த்தால், அந்தக் களத்தை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கச் சொல்வேன். உடல் எடைக்கு வரம்பில்லாத அப்போட்டியில் வெல்பவர்கள் பெரும்பாலும் 140 கிலோவுக்கு மேற்பட்டவர்கள். பிரையன் ஷா 2 மீட்டருக்கும் அதிகமான உயரமும் ஏறத்தாழ 200 கிலோ எடையும் கொண்டவர். அவர்களை எட்டுவதற்காக உணவைத் திணித்து 30 கிலோ ஏற்றுவதைவிட, 7 கிலோ குறைத்து 105 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் இறங்குவது உங்கள் உடலுக்கும் நல்லது, வாய்ப்புக்கும் நல்லது. அஃபிஷியல் ஸ்ட்ராங்மேன் கேம்ஸ் என்ற போட்டியில் 80, 90, 105 கிலோ வரம்புகளிலும், பெண்களுக்கும், 40 வயதைக் கடந்தவர்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. அதன் பெயரில் உள்ள ‘அஃபிஷியல்’ என்ற சொல்லும் பெயர்தானே தவிர, எந்த அரசின் முத்திரையும் அன்று. ஆனால் தகுதிப் போட்டிகள் நடத்தி, முடிவுகளை வெளியிட்டு, வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை அதற்கு உண்டு.

உங்கள் 270 கிலோ டெட்லிப்ட் நல்ல அடித்தளம். வலுதூக்குதலில் அனுமதிக்கப்படாத, கையைக் கம்பியோடு பிணைக்கும் கைப்பட்டைகளையும், கம்பியைத் தொடையில் தாங்கித் தாங்கி ஏற்றுவதையும் ஸ்ட்ராங்மேன் போட்டிகள் பல அனுமதிப்பதால், இங்கே இன்னும் கூடுதலாகத் தூக்குவீர்கள். உங்களுக்குக் குறை வரக்கூடியது வேறிடத்தில்: இரு கைகளிலும் பாரம் பிடித்து ஓடும் ஃபார்மர்ஸ் வாக், தோளில் சட்டத்தைத் தாங்கி நடக்கும் யோக், தலைக்கு மேல் மரக்கட்டையைத் தூக்கும் லாக் பிரஸ். முன்னிரண்டிலும் நடந்துகொண்டே மூச்சைக் கட்டுப்படுத்த வேண்டும். வலுதூக்குதல் அதைக் கற்றுத்தராது. தலைக்கு மேல் தூக்கும் பிரிவும் வலுதூக்குதலில் இல்லை. அட்லஸ் கல்லில் மட்டும் மற்றப் புதியவர்களைவிட ஒரு படி முன்னால் இருக்கிறீர்கள். உருண்டைக் கல்லை மடியில் ஏந்தி, நெஞ்சோடு அணைத்து, இடுப்பை முன்தள்ளி நிமிரும் நுட்பத்தை இளவட்டக்கல் உங்களுக்கு ஏற்கெனவே கற்றுத்தந்திருக்கும். ஐஸ்லாந்தின் ஹூசாஃபெல் கல்லும் ஸ்காட்லாந்தின் டின்னி கற்களும் அதே ஊர்ப்புற மரபிலிருந்து வந்தவைதாம்.

இனி கட்டணம். அமெச்சூர் போட்டிகளில் நுழைவுக் கட்டணம் வாங்குவது வழக்கமே. பயணச் செலவை வீரரே ஏற்பதும் வழக்கம். ‘இந்தியாவின் சார்பில் தேர்வு’ என்பதற்குத் தனிக் கட்டணம் கேட்பது அதிலிருந்து வேறுபட்டது. மத்திய விளையாட்டு அமைச்சகம் தான் அங்கீகரித்த தேசியக் கூட்டமைப்புகளின் பட்டியலை வெளியிடுகிறது; அந்த அமைப்போ அதன் இந்தியக் கிளையோ அதில் உள்ளதா என்று நீங்களே பாருங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கும் என்று எவரேனும் சொல்லியிருந்தால், எந்தெந்த விளையாட்டுகளின் சான்றிதழ் ஏற்கப்படும் என்பதை அந்த வேலைக்கான அறிவிக்கையில் சரிபார்த்த பிறகே நம்புங்கள். எனக்குத் தெரிந்து இளைஞர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அந்த அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தப் போட்டியின் முடிவை வைத்து என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள்? கடந்த ஆண்டுப் போட்டியின் முழு முடிவுப் பட்டியலும் காணொலியும் எங்கே உள்ளன? ஒவ்வொரு பிரிவிலும் எடை எவ்வளவு, நேர வரம்பு எவ்வளவு, நடுவர்கள் யார்? களத்தில் காயமடைந்தால் மருத்துவச் செலவை ஏற்பவர் யார்? ஊக்கமருந்துப் பரிசோதனை உண்டா? ஒலிம்பிக் விளையாட்டுகளில் உள்ளதைப் போன்ற பொதுவான பரிசோதனை முறை இத்துறை முழுமைக்கும் இல்லாததால், கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். நேர்மையான அமைப்பாளர் இவற்றுக்கு ஒரே நாளில் விடையளிப்பார். விதிமுறைகள் அவர் கையில் தயாராகவே இருக்கும். ‘முதலில் பணம், பிறகு விவரம்’ என்று மறுமொழி வந்தால், அந்தத் தொகையில் நல்ல யோக் சட்டம் ஒன்றை உங்கள் ஊர்ப் பட்டறையிலேயே அடித்து வாங்கிவிடலாம்.