எச்.ஐ.வி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாத தம்பியை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? ஏ.ஆர்.டி. மைய கவுன்சிலர் கேள்வி மட்டும் கேட்கிறார், கண்டிக்கவே மாட்டேன் என்கிறாரே?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. நானும் தென்மாவட்டம் ஒன்றில் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. வைரஸைக் கட்டுப்படுத்தும் மருந்துச் சிகிச்சை) மைய கவுன்சிலர்தான். தம்பிக்குப் போன முறை வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, ஏறிவிட்டது, வீட்டில் எல்லாரும் திட்டிப் பார்த்தாயிற்று, மையத்தில் இருப்பவரோ "உங்களுக்கு என்ன தோணுது" என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார், "செத்துப்போவாய்" என்று நேராகச் சொன்னால்தானே பயந்து சாப்பிடுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் அந்தக் கவுன்சிலர் வேலை செய்யாமல் இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

மாத்திரையை விட்டால் சி.டி.4 என்கிற எதிர்ப்புச் சக்தி அணுக்கள் இறங்கும், காசநோய் ஒட்டிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து என்பதெல்லாம் உங்கள் தம்பிக்குத் தெரியாததா? நம்பிக்கை மையத்தில் ரிசல்ட் கையில் வாங்கிய அன்றே கேட்டிருப்பார். அன்றிலிருந்து அவர் மனசுக்குள் ஓடுவதே அந்தப் பயம்தான். அதற்கு மேல் நீங்களும் நானும் பயமுறுத்தினால் அவர் மாத்திரை சாப்பிட மாட்டார், சாப்பிட்டதாகக் காட்டுவார். மாதக் கடைசியில் பாட்டில் காலியாக வரும். மாத்திரைக் கணக்கு எழுதும் பச்சைப் புத்தகத்தில் எண்ணிக்கை சரியாக இருக்கும். மாத்திரை சாக்கடையில் கிடக்கும். பாட்டில் கணக்கு நூற்றுக்கு நூறு, ரத்தத்தில் வைரஸ் ஆயிரக்கணக்கில் என்று வருகிறவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

இந்தப் பயமுறுத்தும் வழக்கம் பழைய காலத்து மிச்சம். 1986-ல் மருத்துவர் சுனிதி சாலமனின் குழு சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தபோது கொடுக்க மருந்தே கிடையாது. பயம் மட்டும்தான் தடுப்பு. 2004 ஏப்ரல் 1-ம் தேதி தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கிய பிறகு நிலைமையே வேறு. இன்று பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. அதை விடாமல் சாப்பிட்டு வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நின்றுவிட்டால், உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது என்பது வரை நிரூபித்துவிட்டார்கள். சாவைக் காட்டி மிரட்ட வேண்டிய காலம் போய்விட்டது.

உங்கள் தம்பியின் கவுன்சிலர் கையாளும் முறைக்கு மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று பெயர். பயிற்சிகளில் எம்.ஐ. என்பார்கள். குடியில் சிக்கியவர்களோடு வேலை பார்த்த அனுபவத்தை வைத்து வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது இது. பிறகு ஸ்டீஃபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து 1991-ல் புத்தகமாகவே எழுதினார். விஷயம் இதுதான். குடிக்கிறவர் மனதில் விடவேண்டும் என்பதும் இருக்கும், விட முடியாது என்பதும் இருக்கும். நாம் போய் "விடு, விடு" என்று ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் அவர் மிச்சமிருக்கும் பக்கத்துக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுவார். அதனால் "விடணும்" என்கிற பேச்சு அவர் வாயிலிருந்தே வரும்படி கேட்க வேண்டும். வந்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாத்திரை விஷயத்திலும் இதே கதைதான்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் முறை, நம்ம ஆட்களுக்கு நாலு போட்டால்தான் ஏறும்" என்று கீழே யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். அவர்களுக்காகவே ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊரையும் அடையாளம் காட்டும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அவர் ஒரு பரோட்டா மாஸ்டர். வேறு ஊர் மையத்திலிருந்து எங்களிடம் மாற்றலாகி வந்தார். பாட்டில் கணக்கில் குறையே இல்லை. வைரல் லோடு மட்டும் ஆயிரத்தைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. அப்படி வந்தால் உடனே மருந்தை மாற்றிவிட மாட்டார்கள். ஸ்டெப்-அப் கவுன்சிலிங் என்று மூன்று மாதம் உட்கார்ந்து பேசி, மாத்திரை ஒழுங்காக உள்ளே போவதை உறுதிசெய்துகொண்டு திரும்ப டெஸ்ட் எடுப்பார்கள். அதற்காகத்தான் என் அறைக்கு வந்தார். வந்ததும் "தினமும் சாப்பிடுறேன் மேடம்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். திட்டு விழும் என்று தயாராக வந்திருந்தார்.

நான் பாட்டிலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டேன். எத்தனை மணிக்குக் கல் சூடேறும், எப்போது படுப்பீர்கள், கூட யார் தங்கியிருக்கிறார்கள் என்று. கொஞ்சம் இளகினார். அப்புறம்தான், "மாஸ்டர், இந்த மாத்திரை உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எவ்வளவு போடுவீங்க?" என்றேன்.

"எட்டு போடலாம் மேடம்."

"தினமும் விடாம சாப்பிட முடியும்கிற நம்பிக்கைக்கு?"

ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "மூணு" என்றார்.

"ஏன் ஒண்ணு போடலை?"

இந்தக் கேள்வியைத் தலைகீழாகக் கேட்கிறேனே என்று உங்களுக்குத் தோன்றலாம். "ஏன் பத்து இல்லை?" என்று கேட்டால் முடியாததற்கான காரணங்களை அடுக்குவார். "ஏன் ஒண்ணு இல்லை?" என்றால் தன்னால் முடிந்ததைத் தேடிச் சொல்ல வேண்டும். அவரும் சொன்னார்: "ஊருக்குப் போற நாள்ல சாப்பிட்டுடுவேன் மேடம். அங்க யாரும் பாட்டிலைப் பாக்க மாட்டாங்க."

"அப்ப மாத்திரை மேல கோபம் இல்ல. அந்த ரூம்லதான் கஷ்டம்."

அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னதோடு சரி, அறிவுரையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவராகவே கொட்டினார். ஹோட்டல் மாடியில் ஆறு பேருக்கு ஒரே அறை. பாட்டிலை எடுத்தாலே உள்ளே மாத்திரை கலகலவென்று சத்தம் போடும், என்ன மாத்திரை என்று கேட்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். முதலில் அவருக்குக் கொடுத்தது எஃபாவிரென்ஸ் கலந்த பழைய மாத்திரை. ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிடச் சொல்லி செல்போனில் அலாரமும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மருந்தைப் படுக்கப் போகும்போது வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். தலைசுற்றல் வரும், கெட்ட கனவு வரும், கொழுப்புச் சாப்பாட்டோடு போனால் இன்னும் அதிகமாகும். இவருக்கு ஒன்பது மணி என்பது வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நேரம். வயிற்றில் பரோட்டாவும் சால்னாவும், எதிரில் கொதிக்கிற கல். ஒரு நாள் தலை சுற்றிக் கல்மேலேயே கை ஊன்றப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து கூட்டமான நாளில் மாத்திரையைத் தவிர்த்தவர், நாளாக நாளாக வேலை நாள் எல்லாவற்றிலும் தவிர்த்துவிட்டார்.

2020-ஐ ஒட்டி டோலுடெக்ராவிர் கலந்த மாத்திரை வந்து, எல்லாரையும்போல அவருக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மாத்திரை மாறியது அவருக்குத் தெரியும். ஒன்பது மணியையும் மாற்றிக்கொள்ளலாம் என்பது தெரியாது. எத்தனையோ பேர் அவரைத் திட்டியிருக்கிறார்கள். எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

உடனே "காலையில் சாப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் நேரம் மட்டும் மாறினால் போதாது, வேண்டும் என்ற எண்ணமும் அவரிடமிருந்து வர வேண்டும். உடம்பு தேறினால் என்ன செய்ய ஆசை என்று கேட்டேன். தனக்குக் காசநோய் வந்த வருடத்தைச் சொன்னார். மாவை அடித்து வீசக் கையில் தெம்பு இல்லாமல் போக, அதே ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போட்டிருக்கிறார்கள். அவரிடம் வேலை கற்ற பையன் கல்லுக்கு வந்துவிட்டான். மாஸ்டர் என்று கூப்பிட்டவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறான். "திரும்ப அந்தத் தொட்டிப் பக்கம் போக மாட்டேன் மேடம்" என்றார்.

"கல்லு முன்னாடியே நிக்கணும்."

"ஆமா. அதுக்கு இதைத் தின்னுதான் ஆகணும்."

நான் சொல்லி அவர் தலையாட்டியிருந்தால் வாசல் தாண்டும்போதே மறந்திருப்பார். அவரே சொன்னது. மூன்று மாதமும் அந்தப் பேச்சைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். பிறகு, "ஒரு தகவல் சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டுவிட்டு, புது மாத்திரையை எந்த நேரத்திலும் சாப்பிடலாம், சாப்பாட்டோடும் இல்லாமலும் சாப்பிடலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும் என்றேன். "அப்ப எழுந்து டீக்கடைக்குப் போவேனே, அப்பவே போட்டுக்கலாமா?" என்று அவரே கேட்டார். பாட்டிலை பைக் டிக்கியில் வைப்பதாகச் சொன்னார். வெயிலில் அங்கே சூடு ஏறினால் மருந்து கெட்டுப்போகக்கூடும் என்று சொல்லி, வேறு என்ன செய்யலாம் என்று அவரிடமே விட்டேன். பாட்டிலுக்குள் பஞ்சை அடைத்தால் சத்தம் வராது, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம், காலையில் ஒரு மாத்திரையை மட்டும் சட்டைப் பையில் எடுத்துப் போகலாம் என்பதெல்லாம் அவர் யோசனைதான்.

மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. அதற்குப் பிறகும் ஒரு தீபாவளி சமயத்தில் சில நாள் விட்டுவிட்டார். ஆனால் நாங்கள் மாத்திரையை எண்ணுவதற்கு முன்பே அவராக வந்து சொன்னார். டெஸ்ட் ரிசல்டைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

இந்த முறை எல்லாருக்கும் பலிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எச்.ஐ.வி. மாத்திரை விஷயத்தில் எம்.ஐ. பற்றிய ஆய்வுகளில் சிலவற்றில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது, சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. பேருந்துக்குக் காசில்லாதவருக்கும், வெறும் வயிற்றில் மாத்திரையைப் பார்த்தாலே குமட்டுகிறவருக்கும், மன அழுத்தத்தில் படுக்கையை விட்டு எழாதவருக்கும் பேச்சு மட்டும் போதாது. நான் மருத்துவரும் இல்லை. மருந்து பற்றிய முடிவை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இப்படி ஒருவரோடு பொறுமையாக உட்கார்ந்து பேச நேரம் வேண்டும். வாசலில் நீள வரிசை நிற்கும்போது ஓர் ஆளுக்குச் சில நிமிடம்தான் கிடைக்கிறது. இத்தனை வருடமாகியும் எங்களில் பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர்கள். ஒவ்வொரு முறையும் நீட்டிப்பு வருமா என்று காத்திருக்க வேண்டும். நல்ல பயிற்சி எடுத்த எத்தனையோ பேர் குடும்பம் நடத்த முடியாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கவுன்சிலர் மாறும்போதெல்லாம் அந்த நாற்காலியில் உட்காருகிறவர் தன் கதையை முதலிலிருந்து ஒரு புது ஆளிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிலேயே வராமல் நின்றுபோனவர்கள் உண்டு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

சரி, உங்கள் தம்பிக்கு வருகிறேன். அவர் என்ன பேசினார் என்று கேட்டால் கவுன்சிலர் சொல்வதில்லை என்று கோபப்பட்டிருக்கிறீர்கள். 2017-ல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி அவர் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது. அக்காவாக இருந்தாலும்தான். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் அவர் அங்கே போகிறார்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. "சாப்பிட்டியா" என்று தினமும் கேட்பதை நிறுத்திவிட்டு, "எந்த நேரத்துல சாப்பிடறது கஷ்டமா இருக்கு?" என்று ஒரு நாள் நிதானமாகக் கேளுங்கள். பதிலுக்கு நடுவில் குறுக்கே பேச வேண்டாம். ஒழுங்காகச் சாப்பிட்டதாக அவர் சொல்லும் நாட்களில் எப்படிச் சாப்பிட முடிந்தது என்று கேளுங்கள். அம்மாவையும் கொஞ்ச நாள் அழாமல் இருக்கச் சொல்லுங்கள். அழுகைக்குப் பயந்தே பொய் சொல்கிறவர்கள் நிறைய. அவர் டோலுடெக்ராவிர் கலந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது கூடவே எடுக்கிறாரா என்று பாருங்கள். அவை இந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும், எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று மையத்தில் சொல்வார்கள். பல வாரமாகவே விட்டிருந்தால் வீட்டிலேயே திரும்ப ஆரம்பிக்க வேண்டாம், முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மையத்துக்குப் போகக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். நீங்களும் பேசலாம்.