அப்பப்பாவின் கல் என்ன விலை?

கேள்வி: என் அப்பப்பா சலூன் வைத்திருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் கையளவு நீளமான கல்லொன்று கிடைத்தது. ஒரு பக்கம் வெண்ணெய் நிறம், மறுபக்கம் ஊதா கலந்த கருமை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கிறது. புறக்கோட்டையில் பழைய சாமான் வாங்கும் ஒருவர், "இது தரை ஓட்டுத் துண்டு" என்று சிரித்தார். பிறகு 1,500 ரூபா தருவதாகச் சொன்னார். கொடுக்கலாமா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: தரை ஓட்டுத் துண்டுக்கு 1,500 ரூபா கொடுப்பவர் புறக்கோட்டையில் இல்லை. கொடுக்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் இரட்டை நிறம், சவரக்கத்தி தீட்டும் பெல்ஜியத்துக் கொட்டிக்யூல் கல்லுக்கு உரியது. ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சாம் ஊரைச் சுற்றி, பாறைக்கு நடுவே மெல்லிய மஞ்சள் படையாகக் கிடைப்பது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கார்னெட் மணிகள் நிறைந்திருக்கின்றன. இரத்தினபுரிக்காரருக்குக் கார்னெட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இவை 5 முதல் 15 மைக்ரோன் அளவுதான். ஊசிமுனையாக இல்லாமல் பல முகங்களோடு உருண்டையாக இருப்பதால், உருக்கை ஆழமாகக் கீறாமல் மேலோட்டமாக அராவும். சவரக்கத்திக்கு வேண்டியது அதுதான்.

முதலில் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் கொண்டு, பழைய பல்துலக்கியால் பிசுக்கை எடுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம். ஓரத்தில் கடதாசி முத்திரை ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் ஈரமே படக்கூடாது. வாங்குபவர் அதற்கும் சேர்த்துத்தான் விலை பேசுவார். பிறகு பக்கவாட்டில் இரு நிறமும் சேரும் கோட்டைப் பாருங்கள். செட்டியார் தெரு நகைக்கடையில் தெரிந்தவர் இருந்தால் அவருடைய உருப்பெருக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் கேளுங்கள். கோடு நெளிந்து, ஒரு நிறம் மற்றதற்குள் புகுந்திருந்தால் இயற்கையாகவே ஒட்டி வளர்ந்த கல். அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் நேராக இருந்தால் பசையால் ஒட்டியது. அதனால் போலி என்று பதறவேண்டாம். மஞ்சள் படை மெல்லியது என்பதால் செய்தவர்களே அடியில் கற்பலகை ஒட்டி விற்றார்கள்.

அதே பெட்டியில் விரல்நுனி அளவில் சிறு கல் துண்டு கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். மஞ்சள் பக்கத்தில் சில துளி நீர் விட்டு அதனால் தேய்த்தால் பால்போன்ற குழம்பு எழும்பும். அதில் கத்தியைப் பத்துத் தடவை ஓட்டுங்கள். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியவேண்டும், வாய் முன்னே போகவேண்டும், கையைப் பாரமாக அழுத்தக்கூடாது. பால் சாம்பல் நிறத்துக்கு மாறினால் கல் உருக்கைத் தின்கிறது என்று பொருள். துளித்துளியாக நீர் சேர்த்துக் குழம்பை மெலியவிட்டு, வெறும் நீரில் முடித்து, தோல்வாரில் இழுத்தால் சவரம் செய்யலாம். வாரில் மட்டும் முதுகு முன்னே போகவேண்டும். மறந்தால் வார் கிழியும்.

நிறத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. பழைய சலூன் கற்களில் பல தொழிற்சாலையில் செய்தவை. "ஸ்வாட்டி" என்று எழுத்துப் பொறித்தவை அந்த ரகம். நல்ல கற்கள்தான், ஆனால் மலையில் வெட்டியவை அல்ல. இன்னொருவர் வீட்டில் வெண்மையாகவோ கறுப்பாகவோ கண்ணாடிபோல் வழுக்கும் கல் இருந்தால் அது அமெரிக்காவின் ஆர்கன்சா கல்லாக இருக்கலாம். அதைச் சோதிக்கச் சமையலறைத் தராசு போதும். கல்லின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தராசில் நீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் 2.6ஐ ஒட்டி வரவேண்டும். 2.2 அளவில் நின்றால் அது மென்மையான ரகம். உளிக்கு ஆகும், முகத்துக்கு ஆகாது.

கேள்வி: இணையத்தில் "ஜப்பான் இயற்கைக் கல்" என்று முத்திரை குத்திய கல்லை 14,000 ரூபாவுக்கு வாங்கி நான்கு வாரமாகிறது. புதுச் சவரக்கத்தியை எவ்வளவு தீட்டினாலும் மயிரைப் பிடுங்குகிறதே தவிர வெட்டவில்லை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். (வெள்ளவத்தை வாசகி)

பதில்: குற்றவாளி கல்லாக இல்லாமலும் இருக்கலாம். கியோட்டோப் பக்கத்து மெருகுக் கல் தீட்டலின் கடைசிக் கட்டத்துக்கு உரியது. மழுங்கிய வாயை அதில் எழுப்ப முயல்வது நாட்கணக்கான வேலை. முதலில் 1000 எண் செயற்கைக் கல்லில், வாயின் முழு நீளமும் முன்கை மயிரை வெட்டும் வரை தீட்டுங்கள். புதுக்கத்திகள் பல அந்த நிலையில்கூட வருவதில்லை.

அதன் பிறகும் பயனில்லை என்றால் கல்லின்மேல் நீரை ஊற்றிப் பாருங்கள். குமிழி விட்டு நீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் மெருகுக் கல் என்ற பேச்சே பொய். நீர் அப்படியே நின்றும் கல் வேலை செய்ய மறுத்தால், சீனாவின் குவாங்ஸிக் கல்லுக்கு ஜப்பானிய முத்திரை விழுந்திருக்கலாம். அது மலிவான, மிகக் கடினமான, பொறுமையைச் சோதிக்கும் சாம்பல் கல். "நகாயாமா" என்று ஜப்பானியச் சுரங்கத்தின் பெயரைத் தாங்கிய மை முத்திரை எதையும் நிரூபிக்காது. அந்தச் சுரங்கம் மூடப்பட்டுவிட்டது, ரப்பர் முத்திரை செய்பவர் மூடவில்லை.

பற்றுச்சீட்டையும் விளம்பரத்தின் படத்தையும் இன்றே எடுத்துவையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு போகவேண்டும். விவரம் கேட்க 1977ஐ அழையுங்கள். "கத்தி வெட்டவில்லை" என்று எழுதாதீர்கள். "ஜப்பான் இயற்கைக் கல் என்று விற்றது ஜப்பான் இயற்கைக் கல் அல்ல" என்று எழுதுங்கள்.

கேள்வி: மருதானையில் ஒரு இரும்புக்கடையில் செம்மண் நிறத்தில் "இந்தியா கல்" விற்கிறார்கள். இயற்கையானதா? தேங்காயெண்ணெய் விட்டுத் தீட்டலாமா? (மருதானை வாசகர்)

பதில்: இயற்கையும் அல்ல, இந்தியாவுடையதும் அல்ல. உலையில் செய்த அலுமினியம் ஒக்சைட்டு, அதாவது செயற்கைக் குருந்தம். ஆங்கிலேயர் "கொரண்டம்" என்று சொல்வதே நம்முடைய குருந்தம்தான். மீன் வெட்டும் கத்திக்கு அருமையான கல். சவரக்கத்தியை அதில் முடிக்காதீர்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம். நாளடைவில் காறல் வாடை வரும், கல்லின் துளைகளும் அடைபடும். தையல் இயந்திர எண்ணெய் இரண்டு துளி போதும்.