நாய்க்கு லீஷ்மேனியா 'பாசிட்டிவ்' என்றால் நோய் என்று அர்த்தமா?

ஸ்பெயினிலிருந்து பினாங்குக்கு நாயோடு குடிவந்த ஒருவர், ரத்தச் சோதனையில் 'பாசிட்டிவ்' வந்ததும் கேட்கிறார்.

உள்ளுறுப்பு லீஷ்மேனியாசிஸ் என்பது லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியால் வரும், மணல் ஈ கடித்துப் பரவும் நோய். மத்தியதரைக்கடல் நாடுகளிலும் பிரேசிலிலும் நாய்களிடம் நிறையவே உண்டு. எடை குறையும், கண்ணைச் சுற்றி முடி கொட்டிச் செதில் உதிரும், நகம் அசாதாரணமாக நீளும், சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். சிக்கல் என்னவென்றால், நம்மூர் உண்ணிக் காய்ச்சலிலும் எடை குறையும், மூக்கில் ரத்தம் வரும். அதனால் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

ரத்தச் சோதனை தேடுவது பெரும்பாலும் கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடல் தயாரித்த எதிர்ப்புப் புரதத்தை. கொண்டோ அடுக்குமாடிக் காவலாளியின் வருகைப் பதிவேடு மாதிரிதான். யாரோ வந்தது தெரியும். இன்னும் உள்ளே இருக்கிறாரா, ரகளை செய்கிறாரா என்பது தெரியாது. கிருமி புகுந்த புதிதில் பதிவேடு காலியாகவும் இருக்கலாம்.

சரி, மாடிக்குப் போய்க் கதவைத் தட்டுவது எப்படி? எலும்பு மஜ்ஜையிலோ நிணக்கணுவிலோ ஊசியால் துளி எடுத்து, நுண்ணோக்கியில் வெள்ளணுக்களுக்குள் ஒட்டுண்ணியைத் தேடுவார்கள், அல்லது அதன் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்வார்கள். அப்புறம் சிறுநீரில் புரதம் போகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இந்த நோய் சிறுநீரகத்தைத்தான் அதிகம் பதம் பார்க்கும்.

பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் சாயங்காலம் கடிக்கும் 'அகாஸ்' பூச்சியைப் பலரும் மணல் ஈ என்றே நினைக்கிறார்கள். அது வேறு பூச்சி, இந்த நோயைப் பரப்பாது.