ஊக்கா, இழையா, ஸ்ப்ரேயா? குயில்ட் பேஸ்டிங் கேள்வி பதில்

குயில்ட் என்றால் மூன்று அடுக்காகத் தைக்கிற போர்வை: மேல்துணி, நடுவில் வாடிங் (பஞ்சு மாதிரியான அடுக்கு), அடித்துணி. இந்த மூன்றையும் சேர்த்துப் போடுகிற குயில்டிங் தையல் முடியும்வரை அவை நகராமல் பிடித்துவைக்கிற வேலைதான் பேஸ்டிங். அதற்கு ஊக்கு குத்தலாம், பிறகு பிரித்துவிடுகிற நீளத் தையலாக இழை ஓட்டலாம், பசை ஸ்ப்ரே அடிக்கலாம். கேள்வி அனுப்புங்கள் என்று சொன்னதும் குவித்துவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, இதுதான் என் முதல் குயில்ட். 60க்கு 80 அங்குலம், வீட்டு மெஷினில்தான் தைக்கணும். எந்த முறை நல்லது? (கோவை)

ஊக்கு. முதல் தடவைக்கு அதைவிடப் பாதுகாப்பானது இல்லை, தப்பாகப் போனால் கழற்றிவிட்டுத் திரும்பக் குத்தலாம். 4 அங்குலத்துக்கு ஒன்று வேண்டும், கையை மூடி எங்கே வைத்தாலும் முஷ்டியில் ஒரு ஊக்காவது இடிக்கிற மாதிரி. உங்கள் அளவுக்கு ஏறக்குறைய 300 ஊக்கு வரும். ஆமாம், முந்நூறு. டஜன் அட்டையாக வாங்கினால் 25 அட்டை, கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. 1 அங்குல ஊக்கு போதும். தடியானது துணியில் ஓட்டை போடும். முதலில் எல்லாவற்றையும் திறந்தபடியே குத்திக்கொண்டு போங்கள், கடைசியில் மொத்தமாக மூடுங்கள். ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனால் துணி இழுபட்டு அடுத்த இடம் நகர்ந்துவிடும். மெஷினில் தைக்கும்போது ஊசி பக்கத்தில் வருவதற்கு முன்பே ஊக்கை எடுத்துவிடணும், அதன் மேல் ஏற்றிப் பார்க்கவேண்டாம்.

எவ்வளவு ஊக்கு குத்தினாலும் பின்பக்கம் மடிப்பு விழுகிறது. ஸ்ப்ரேக்கு மாறிவிடட்டுமா? (மதுரை)

மாறினாலும் விழும்! குற்றம் பெரும்பாலும் ஊக்கில் இல்லை, அடித்துணியை விரித்த விதத்தில்தான். நன்றாக இஸ்திரி போட்டு, துணியின் உள்பக்கம் மேலே தெரிய வெறும் தரையில் விரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், எதிரெதிர்ப் பக்கமாக, மூலைகள் கடைசியில். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும். நான் இரண்டாவது குயில்ட்டில் மேளத்தோல் மாதிரி விறைக்க இழுத்து ஒட்டினேன், டேப்பைப் பிய்த்ததும் துணி பழைய அளவுக்குத் திரும்பி மேலே அத்தனையும் புடைத்துக்கொண்டது. அதற்கு முந்தியதில் இன்னும் அழகு: முட்டி வலிக்கிறதே என்று ஜமுக்காளத்தின் மேல் விரித்து ஊக்கு குத்தி, எழுந்து தூக்கினால் ஜமுக்காளமும் சேர்ந்து வந்தது. வாடிங்கும் அடித்துணியும் மேல்துணியைவிட நாலு பக்கமும் 2 அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும்.

கையால் வளையத்தில் மாட்டித் தைக்கப்போகிறேன், ஊக்கு ஒத்துவருமா மேடம்? (யாழ்ப்பாணம்)

வராது, வளையம் ஊக்கில் இடித்துக்கொண்டே இருக்கும், நூலும் அதில் சிக்கும். இழை ஓட்டுங்கள். வெள்ளை அல்லது வெளிர் நிற நூல்தான், கறுப்பும் சிவப்பும் சாயம் விட்டால் அழுதாலும் போகாது. என் வழக்கம் இது: நீளமாக நூல் வெட்டி, முடிச்சே போடாமல், நடுவிலிருந்து பாதி நூலில் ஓரம் வரைக்கும் ஒன்றரை, இரண்டு அங்குலத் தையலாக ஓட்டுவேன். பிறகு நடுவில் தொங்குகிற மறுமுனையை ஊசியில் கோத்து எதிர்ப்பக்கம் போவேன். வரிக்கு வரி 4 அங்குலம் இடைவெளி, அப்புறம் குறுக்கே அதே மாதிரி கட்டம். தரையில் விரித்து ஊசி முனையைத் தூக்குவதுதான் கஷ்டம். இடது கையில் ஒரு டீ ஸ்பூனை வைத்துக்கொண்டு அதன் விளிம்பால் முனையை நெம்புங்கள், விரல் நுனி தப்பிக்கும். நேரம் பிடிக்கும்தான், ஆனால் மாதக்கணக்கில் மடியில் கிடக்கப்போகிற குயில்ட்டுக்கு இதுவே சரி.

ஸ்ப்ரே பேஸ்டிங் ஆபத்தா? இங்கே குளிருக்கு ஜன்னலே திறப்பதில்லை. (டொரண்டோ)

ஜன்னல் திறக்காத அறையில் வேண்டாம். பெரும்பாலான ஸ்ப்ரேக்கள் தீப்பற்றும், எரிகிற அடுப்பும் சாமி விளக்கும் பக்கத்தில் இருக்கக்கூடாது. வசதிப்படும் நாளில் அடித்தால், துணியில் இல்லாமல் வாடிங்கில், ஒரு சாணுக்கு மேல் தள்ளிப் பிடித்து லேசாக அடியுங்கள். சுற்றிலும் பழைய பெட்ஷீட் விரியுங்கள், இல்லையென்றால் தரை ஒரு வாரம் காலைப் பிடிக்கும். நம் ஊரில் இருப்பவர்கள் மறக்காமல் ஃபேனை நிறுத்துங்கள். குழந்தைக்கான போர்வையென்றால் தைத்து முடித்ததும் துவைத்துவிட்டே கொடுங்கள். இது வீட்டு மெஷினில் சின்னக் குயில்ட்டுக்கு அருமையான முறை, அரை மணி நேர வேலை.

ஸ்ப்ரே விலை கட்டுப்படியாகவில்லை, வெள்ளைப் பசை தடவலாமா? (சேலம்)

துவைத்தால் போகும் என்று போட்டிருக்கிற பள்ளிப் பிள்ளைகள் பசை என்றால் தடவலாம், மெல்லிய கோடாக விட்டு இஸ்திரியால் காயவையுங்கள். பாலியஸ்டர் வாடிங்கென்றால் சூடு குறைவாக. தச்சு வேலைக்கு வாங்குகிற பசை வேண்டவே வேண்டாம், காய்ந்தால் தகடு மாதிரி நின்றுவிடும்.

ஊக்கு குத்தி ஆறு மாதம் பீரோவில் வைத்துவிட்டேன், துரு ஏறியிருக்கிறது. (நாகப்பட்டினம்)

கடற்காற்று ஊரில் ஆறு வாரமே அதிகம்! இப்போதே கழற்றுங்கள். கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைக்கலாம், சாயம் போகிறதா என்று ஓரத்தில் பார்த்துவிட்டு.

எங்கள் பாட்டி பழைய புடவைகளை அடுக்கித் தைத்தபோது பேஸ்டிங் எதுவும் செய்ததில்லையே அக்கா? (தேனி)

தேவைப்பட்டிருக்காது. பஞ்சு வாடிங் இல்லாமல் பழகின பருத்தி மேல் பருத்தி வைத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், ஓரத்தை ஓட்டினாலே பாதி வேலை முடிந்தது. கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி சமூகப் பெண்கள் தைக்கிற கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வையைப் பாருங்கள். ஓர மூலையில் ஆரம்பித்து, ஒட்டுத்துணியை வைத்து வைத்துத் தைத்தபடி சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். துணி வைப்பதும் குயில்டிங்கும் ஒரே தையல், முன்கூட்டிப் பிடித்துவைக்க அங்கே எதுவும் கிடையாது. எனக்கு அதில் பொறாமை உண்டு.

லாங்ஆர்ம் மெஷின் (சட்டத்தில் மாட்டி முழுக் குயில்ட்டையும் தைக்கிற பெரிய மெஷின்) வைத்திருப்பவரிடம் கொடுக்கப்போகிறேன். பேஸ்ட் செய்து கொடுக்கணுமா? (பெங்களூரு)

வேண்டாம். மூன்றும் தனித்தனியாக உருளைகளில் ஏறும், ஊக்கு குத்திக் கொடுத்தால் அவர் உட்கார்ந்து கழற்றணும். அடித்துணியை மட்டும் நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வெட்டி, இஸ்திரி போட்டு, தனியாக மடித்துக் கொடுங்கள்.