அமெரிக்க ராணுவ அகாடமிகளின் கல்லூரி அணிகளுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

கேள்வி இதுதான்: "வெஸ்ட் பாயின்ட் (தரைப்படை), அன்னாபொலிஸ் (கடற்படை) போன்ற ராணுவ அகாடமிகளின் அணிகள் இப்போதெல்லாம் தேசியக் கோப்பை எதையும் ஜெயிப்பதில்லை. அப்படியிருந்தும் அமெரிக்கர்கள் அவற்றை இவ்வளவு கொண்டாடுவது ஏன்? மற்ற கல்லூரி அணிகளிலிருந்து அவை எப்படி வேறுபடுகின்றன?"

நான் மேரிலாந்தில் வசிக்கிறேன். அன்னாபொலிஸ் பக்கம்தான் என்பதால் கடற்படை அகாடமியின் ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை) ஆட்டங்களுக்கு அவ்வப்போது குடும்பத்தோடு போவதுண்டு. எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அங்கே ஆடுபவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு இன்று கிட்டத்தட்ட தொழில்முறை ஆட்டம். 2021-லிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டே வேறு கல்லூரிக்கு மாறிவிடலாம். அகாடமியில் முதலாவதற்கு வழியே இல்லை, இரண்டாவதற்கும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வழியில்லை. படிப்புக்குக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் ஒரு சிறு சம்பளமும் உண்டு. ஆனால் சேர்ந்த நாள் முதல் அவர்கள் ராணுவத்தில் இருப்பவர்கள், அதனால் விளம்பரப் பணம் வாங்க முடியாது. மூன்றாம் ஆண்டு தொடங்கிவிட்டால் சேவைக்கடன் ஒட்டிக்கொள்ளும். பட்டம் வாங்கியபின் குறைந்தது 5 ஆண்டுகள் பணியில் இருக்க வேண்டும். 18 வயதில் இதற்கெல்லாம் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள்தான் சனிக்கிழமை மதியம் நம் கண்முன்னே ஆடுகிறார்கள். மற்ற நாட்களில் விடியற்காலையில் எழுந்து, அணிவகுத்து, கணிதமும் பொறியியலும் படித்துவிட்டு, அப்புறம்தான் மைதானத்துக்கு வர முடியும்.

இந்தக் கட்டுப்பாடுகள் ஆட்டத்தையே மாற்றிவிடுகின்றன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பெரிய கல்லூரி அணிகளில் முன்வரிசை லைன்மேன்கள் 140, 150 கிலோ இருப்பார்கள். அகாடமியில் அது கஷ்டம், ஏனென்றால் அதிகாரியாகப் பதவியேற்கும்போது ராணுவத்தின் எடை வரம்புக்குள் இருக்க வேண்டும். கடைசி ஆட்டம் முடிந்த மறுவாரமே எடை குறைக்கத் தொடங்கும் லைன்மேன்கள் உண்டு. இப்படிச் சிறிய உடம்போடு பெரிய அணிகளை எதிர்கொள்ள அவர்கள் பல ஆண்டுகள் நம்பியிருந்த உத்தி டிரிபிள் ஆப்ஷன்.

மற்ற அணிகள் எதிரணியில் முடிந்தவரை எல்லாரையும் மறிக்கப் பார்க்கும். அகாடமி அணியோ ஒருவரை வேண்டுமென்றே மறிக்காமல் விட்டுவிடும். ஆட்டத்தை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி, பின்னாலிருந்து நேராகப் பாயும் ஃபுல்பேக் என்ற ஓட்டக்காரரின் வயிற்றருகே வைத்தபடி, மறிக்காமல் விட்ட அந்த ஆளையே கவனிப்பார். அவன் ஃபுல்பேக்கைப் பிடிக்கப் போனால் பந்தை உருவிக்கொண்டு ஓரமாக ஓடுவார், போகாவிட்டால் பந்தைக் கொடுத்துவிடுவார். ஓரத்தில் இன்னொருவன் காத்திருப்பான். அவன் தன்மேல் பாய்ந்தால் பக்கத்தில் ஓடிவரும் சகாவுக்குப் பந்தை வீசுவார், இல்லையென்றால் தானே ஓடுவார். இவ்வளவும் இரண்டு மூன்று வினாடிக்குள் முடிந்துவிடும். எதிரணியில் இரண்டு பேரைத் தொடாமலேயே ஏமாற்றிவிட்டதால், மறிப்பதற்குக் கைவசம் இரண்டு ஆள் மிச்சம். உடல் பலத்தில் இருக்கும் குறையை முடிவெடுக்கும் வேகத்தாலும் கட்டுப்பாட்டாலும் ஈடுகட்டுகிறார்கள். ஒருவன் தன் வேலையை அரை வினாடி தாமதமாகச் செய்தாலும் எல்லாம் கெட்டுவிடும்.

2018-ல் வெஸ்ட் பாயின்டின் ராணுவ அணி ஓக்லஹோமாவுக்குப் போய் ஆடியதை வீடியோ கிடைத்தால் பாருங்கள். ஓக்லஹோமா அப்போது நாட்டின் முதல் ஐந்து அணிகளில் ஒன்று. அதன் குவார்ட்டர்பேக் கைலர் மர்ரே அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான ஹைஸ்மன் விருதை வென்றவர். அவர் கையில் பந்து போகவே கூடாது என்று ராணுவ அணி முடிவு செய்ததுபோல இருந்தது. 60 நிமிட ஆட்டத்தில் ஏறக்குறைய 45 நிமிடம் பந்து ராணுவத்திடமே இருந்தது. நாலு கஜம், ஐந்து கஜம் என்று தள்ளித் தள்ளியே கூடுதல் நேரம் வரை கொண்டுபோனார்கள். கடைசியில் 28-21 என்று தோற்றார்கள். ஜெயித்த பல ஆட்டங்களைவிட எனக்கு அந்தத் தோல்வியின் மேல் மதிப்பு அதிகம். பின்னர் 2022-ல் இடுப்புக்குக் கீழே மறிப்பதற்கான விதிகள் இறுகிவிட்டன. பழைய டிரிபிள் ஆப்ஷனை அப்படியே ஆட முடியாமல் ராணுவம், கடற்படை இரண்டு அணிகளும் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டன. அப்படி மாற்றியபின்தான் 2024-ல் ராணுவ அணி தன் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் மோதும் கல்லூரிகளின் குழு) பட்டத்தை வென்றது. 1890-ல் தொடங்கிய அணிக்கு அதுவே முதல் கான்ஃபரன்ஸ் பட்டம். அடுத்த வாரமே கடற்படையிடம் 31-13 என்று தோற்றதும் நடந்தது!

கோப்பை ஜெயிப்பதில்லை என்று கேட்டிருந்தீர்கள். இன்றைய நிலையில் அது சரி, ஆனால் எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1944, 1945 இரண்டு ஆண்டும் ராணுவ அணிதான் தேசிய சாம்பியன். டாக் பிளான்சர்டும் கிளென் டேவிஸும் அடுத்தடுத்து 1945, 1946 ஹைஸ்மன் விருதுகளை வாங்கினார்கள். அதே அணி 1951-ல் பெரிய அடி வாங்கியது. தேர்வில் முறைகேடு செய்ததற்காக அகாடமி சுமார் 90 பேரை வெளியேற்ற முடிவெடுத்தது, அதில் ஃபுட்பால் வீரர்கள் நிறைய. பயிற்சியாளர் ரெட் பிளேய்க்கின் மகனும் அந்தப் பட்டியலில் இருந்தான். நாட்டிலேயே சிறந்த அணிகளில் ஒன்று ஒரே கோடையில் சிதறிப்போனது. அணிக்காக அகாடமி தன் நேர்மை விதியை வளைக்கவில்லை. அந்த முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

கடற்படையில் ரோஜர் ஸ்டாபாக் 1963-ல் ஹைஸ்மன் வென்றார். நேராகத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் கடற்படையில் பணியாற்றினார், வியட்நாமுக்கும் போய்வந்தார். 27 வயதில் புதுமுகமாக டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை அணியில் சேர்ந்து பிறகு இரண்டு சூப்பர் பௌல் (தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப் போட்டி) ஜெயித்தார். கூடைப்பந்தில் டேவிட் ராபின்சன். அகாடமியில் சேர்ந்த பிறகும் வளர்ந்து 7 அடியைத் தாண்டிவிட்டார், அந்த உயரத்தோடு கப்பலில் வேலை செய்வது கடினம். 1987-ல் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்பிஏ புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் தேர்வாக இருந்தும் இரண்டு ஆண்டுகள் பணி செய்துவிட்டுத்தான் சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்குப் போனார். ராணுவ அணியில் ஃபுட்பால் ஆடிய அலெஹாண்ட்ரோ வில்யனுவேவா மூன்று முறை ஆஃப்கானிஸ்தானுக்குப் போய்வந்த பிறகு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் ஆடினார்.

பெண்கள் அகாடமிகளில் சேர ஆரம்பித்தது 1976-ல். மகளிர் அணிகள் என்றாலே எனக்கு மேகி டிக்சன் நினைவுக்கு வருவார். 2005-06 சீசனில் ராணுவ அகாடமியின் மகளிர் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். வந்த முதல் சீசனிலேயே அணி பேட்ரியட் லீக் பட்டத்தை வென்று, வரலாற்றில் முதல்முறையாக தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. கூட்டமாக மைதானத்துக்குள் வந்த கேடட்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். சில வாரங்களில், 2006 ஏப்ரலில், இதயக் கோளாறால் 28 வயதில் இறந்துபோனார். ஒரே ஒரு சீசன் பயிற்சி கொடுத்தவர், ராணுவத்தில் பணியாற்றாதவர். அவரை வெஸ்ட் பாயின்டின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். விளையாட்டை அங்கே எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

மைதானத்துக்கே போனால் இந்த உணர்வு இன்னும் தெளிவாகக் கிடைக்கும். அன்னாபொலிஸ் மைதானத்தின் சுவர்களில் மிட்வே, குவாடல்கனால், இவோ ஜிமா என்று போர்களின் பெயர்கள் எழுதியிருக்கும். ஆட்டத்துக்கு முன் 4,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அணிவகுத்து உள்ளே வருவார்கள். தங்கள் அணி புள்ளி எடுக்கும்போதெல்லாம், பலகையில் எத்தனை புள்ளியோ அத்தனை தண்டால் எடுப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அகாடமிகளும் மோதிய நாளாக இருந்தால், இரு அணிகளும் சேர்ந்து முதலில் தோற்றவர்களின் பள்ளிப் பாடலுக்கும், பிறகு வென்றவர்களின் பாடலுக்கும் நிற்பார்கள். "இரண்டாவதாகப் பாட வேண்டும்" என்பதே அங்கே வீரர்களின் ஆசை.

ராணுவமும் கடற்படையும் முதலில் மோதியது 1890-ல், கடற்படை 24-0 என்று ஜெயித்தது. பகை முற்றியதால் 1894 முதல் 1898 வரை ஆட்டமே நடக்கவில்லை. 1942-ல் போர்க்காலப் பயணக் கட்டுப்பாட்டால் ராணுவ கேடட்கள் அன்னாபொலிஸுக்கு வர முடியவில்லை. அதனால் கடற்படை மாணவர்களில் ஒரு பகுதியினரையே ராணுவத்துக்காகக் குரல் கொடுக்கச் சொன்னார்கள், அவர்களும் கொடுத்தார்கள். விமானப்படை அகாடமி 1954-ல் உருவானது. மூன்றுக்கும் இடையிலான கமாண்டர்-இன்-சீஃப் கோப்பை 1972-லிருந்து நடக்கிறது. அதை அதிக முறை வென்றது இளையவரான விமானப்படைதான்.

பார்க்க ஆசை இருந்தால் டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை ராணுவம்-கடற்படை ஆட்டத்தைப் பாருங்கள். அதோடு நிறுத்திவிடாமல் லாக்ரோஸ் (வலை கட்டிய கோலால் பந்தாடும் விளையாட்டு), மல்யுத்தம், நீச்சல், படகுப் போட்டிகளையும் கவனியுங்கள். 1920-லும் 1952-லும் ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் படகுப் போட்டியின் தங்கத்தை வென்றது கடற்படை அகாடமி அணி. எந்த விளையாட்டாக இருந்தாலும் ராணுவத்தைத் தோற்கடித்த கடற்படை வீரரின் சட்டையில் அணியெழுத்தோடு ஒரு நட்சத்திரமும் சேரும். அவர்கள் ஆண்டு முழுக்க ஆடுவது அந்த நட்சத்திரத்துக்காகத்தான்.