வேலையிடத்தில் ஆட்டிசம்: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் ஆட்டிசம் உள்ளவர்கள் வேலையில் நிலைத்து நிற்க உதவுவது என் வேலை. பெரியவர்களின் வேலையிடம் பற்றி மட்டும் கேளுங்கள். குழந்தைகள் பற்றிய கேள்விகளுக்கு இது இடமில்லை.

ராணிப்பேட்டை, ஷூ கம்பெனி சூப்பர்வைசர்: ஸ்டிச்சிங்கில் ஒரு தம்பி இருக்கிறார் மேடம். வேலை அவ்வளவு சுத்தம். ஆனால் லைன் மாற்றினால் அன்றைக்கு முழுக்க வேலை ஓடாது. போன வாரம் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கத்தினார். வீட்டுக்கு போன் போட்டு அப்பாவை வரவழைத்தோம். இனி நடந்தால் என்ன செய்வது?

முதலில், அப்பாவைக் கூப்பிடுவதை நிறுத்துங்கள். சம்பளப் பட்டியலில் பெயர் உள்ள ஒரு பெரிய மனிதர் அவர். வேறு எந்த டெய்லருக்காவது டார்கெட் எட்டவில்லை என்று அவர் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறீர்களா? உடம்புக்கு ஆபத்து என்றால் மட்டும், அவரே எழுதிக் கொடுத்த எண்ணுக்குப் பேசுங்கள்.

அன்று நடந்தது அடமும் இல்லை, கோபமும் இல்லை. சத்தம், வெளிச்சம், சொல்யூஷன் வாசனை, திடீர் மாற்றம் எல்லாம் சேர்ந்து தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. அந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள், தொடாதீர்கள், சுற்றி நிற்காதீர்கள். ஒருவர் மட்டும் சற்றுத் தள்ளி நின்று, "ஸ்டோர் ரூம் காலியாக இருக்கிறது, போகலாம்" என்று ஒரே ஒருமுறை மெதுவாகச் சொன்னால் போதும். தெளிய அரை மணி ஆகலாம், மீதி நாள் முழுக்கவும் ஆகலாம். விசாரணை எல்லாம் மறுநாள்.

அது வராமல் பார்ப்பதுதான் முக்கியம். இதே ஊரில் ஒரு யூனிட்டில், போஸ்ட் பெட் என்ற தூண் வடிவத் தையல் மெஷினில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கும், ஆட்டிசம் உள்ள ஒரு பெண்ணுக்கு மதியத்துக்கு மேல் தையல் கோணிப் போகிறது என்று புகார். அவர் இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். தலைக்கு நேர் மேலே ஒரு டியூப்லைட் விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர். அது ஓடி நிற்கும் ஒவ்வொரு தடவையும் அவர் தோள் தூக்கிப் போட்டது. டியூபை மாற்றி, அவரை வரிசையின் மறுகோடியில் உட்கார வைத்தார்கள். தையல் நேரானது. அதற்குச் செலவு ஒரு டியூப்லைட்.

லைன் மாற்றம் தவிர்க்க முடியாதது என்றால் முந்தின நாளே சொல்லுங்கள். எந்த மாடல், எந்த மெஷின், பக்கத்தில் யார் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாயால் போகிறபோக்கில் சொல்வது அந்த இரைச்சலில் யாருக்குமே முழுதாகச் சேராது. இயர் பிளக் கொடுங்கள். அப்புறம் ஒன்று: ஆட்டிசம் உள்ள சிலருக்குத் தாகமும் பசியும் உடனே உறைக்காது. நம் ஊர் மே மாத வெயிலில் அது ஆபத்து. தண்ணீர் குடிக்க நேரம் குறித்துக் கொடுங்கள்.

காட்பாடி, டீம் லீட்: என் டீமில் ஆட்டிசம் உள்ள ஒருவர் மீட்டிங்கில் முகத்தைப் பார்க்கவே மாட்டார். கவனிக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பேசி முடித்த பிறகு விஷயத்தைக் கேளுங்கள், சொல்லிவிடுவார். பலருக்குக் கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது குறையும். பார்க்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மீட்டிங்கில் முடிவானதை மெயிலில் அனுப்புங்கள்.

வாலாஜா: என் பையனுக்கு 4 வயது, இன்னும் பேச்சு வரவில்லை...

அம்மா, தள்ளிப் போடாதீர்கள். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது, அங்கே காட்டுங்கள்.

குடியாத்தம், கணக்கர் அலுவலகம்: எங்களிடம் 8 பேர். ஆட்டிசம் உள்ள ஒருவரை எடுக்கலாம் என்று இருக்கிறேன். சட்டப்படி என்ன செய்ய வேண்டும்? 4 சதவீதம் எங்களுக்கும் உண்டா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அது பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 4 சதவீத ஒதுக்கீடு அரசு வேலைக்குத்தான். அதிலும் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 சதவீதம். ஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 சதவீதம் ஊனம் என்று சான்றிதழ் வேண்டும்.

ஆனால் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி அறிவிப்பது தனியார் நிறுவனங்களுக்கும் உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கு விதிகள் கூடுதலாகக் கேட்கும். உங்கள் கொள்கையில், செய்து தரும் வசதிகளை எழுதினால் போதும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

எடுக்கும்போது நேர்காணலை மட்டும் நம்பாதீர்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் திணறுபவர், ஒரு மாத வவுச்சரைக் கையில் கொடுத்தால் ஒரு பைசா பிசகாமல் சரிபார்த்துத் தருவார். வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

ஆற்காடு, ஜவுளிக்கடை மேனேஜர்: "இந்தக் கலர் உங்களுக்கு நல்லா இல்லை" என்று ஆட்டிசம் உள்ள எங்கள் ஊழியர் வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்.

அவரிடம் கருத்து கேட்டார்கள், சொல்லியிருக்கிறார். "நாம் கருத்து சொல்வதில்லை, அடுத்த புடவையை எடுத்துக் காட்டுவோம்" என்று நேரடியாகச் சொல்லுங்கள். ஜாடை வேண்டாம். ஸ்டாக் பிரிவு பிடிக்குமா என்றும் கேளுங்கள். அவரிடமே கேளுங்கள், அவர் வீட்டாரிடம் இல்லை.

ஆம்பூர், கட்டிங் டை பட்டறை: ஆயுத பூஜைக்கு மெஷினெல்லாம் துடைத்து, பொட்டு வைத்து, பொரி கடலை படைத்துக் கும்பிடுவோம். இந்தப் பையன் தன் மெஷினைப் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டு, மேளம் வந்ததும் வெளியே போய்விட்டான். திமிர் என்கிறார்கள். அவனுக்கு மட்டும் தனிச் சட்டமா அக்கா?

மேளம், சாம்பிராணிப் புகை, நெரிசல், எப்போது உடையும் என்று தெரியாத பூசணிக்காய். அவர் உடம்பு தாங்காது. தொழிலுக்குச் செய்ய வேண்டிய மரியாதையை அவர் மெஷினைத் துடைத்தபோதே செய்துவிட்டார். அடுத்த வருடம் மேளம் வரும் முன் அவரே கற்பூரம் காட்டட்டும்.

வாணியம்பாடி, எச்.ஆர்.: நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லோரும் சேர்ந்து நிற்பதுதான் ஒற்றுமை. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒன்று கேட்பார்கள்.

கேட்கட்டும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகிறவர்களுக்காக வேலை நேரத்தை மாற்றி வைப்பது உங்கள் ஊர்ப் பக்கம் வழக்கம்தானே? சர்க்கரை உள்ளவரை நேரத்துக்குச் சாப்பிட அனுப்புகிறீர்கள். அதையெல்லாம் தனிச் சட்டம் என்று யாரும் சொல்வதில்லை. இவருடைய தேவை கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சத்துவாச்சாரி: என் தம்பி வேலையை விட்டதே இதனால்தான். ஆண்டு விழாவில் மேடைக்கு இழுத்து ஆடச் சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாளிலிருந்து போகவில்லை.

வாணியம்பாடி, எச்.ஆர்.: அது தப்புதான். ஆனால் மற்றவர்களுக்குக் காரணம் தெரியாவிட்டால் முணுமுணுப்பு வரும். ஆட்டிசம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடலாமே?

அவர் சம்மதிக்காமல் ஒருவரிடமும் சொல்லக் கூடாது. மருத்துவத் தகவல் அவருடைய சொத்து. ஒருமுறை வெளியே போனால் திரும்பி வராது. "விழாவுக்கு வருவது அவரவர் விருப்பம்" என்று எல்லோருக்கும் பொதுவாக அறிவியுங்கள். உங்கள் முணுமுணுப்பும் அடங்கும், அவரும் தனியாகத் தெரிய மாட்டார். கூட்டத்தைத் தாங்க முடியாத மற்ற சிலரும் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

இதற்கு மேல் ஆயுத பூஜை வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

திருப்பத்தூர்: ஆட்டிசம் தடுப்பூசியால்தானே வருகிறது?

இல்லை. அப்படிச் சொன்ன 1998 கட்டுரையை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது.

மேல்விஷாரம்: எங்கள் ஊழியர் ஓவர்டைம் வேண்டாம் என்கிறார். அவர் அம்மாவிடம் பேசிப் பார்க்கலாமா?

வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். மேலே உள்ள முதல் பதிலைப் படியுங்கள்.

வேலூர், டேட்டா என்ட்ரி: இவ்வளவு நேரம் எல்லோரும் எங்களைப் பற்றிப் பேசினார்கள். எனக்கே ஆட்டிசம். போன வருடம்தான் தெரிந்தது. மேனேஜருக்குத் தெரியாது. சொல்ல வேண்டுமா? சொன்னால் வேலை போகுமா?

உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊனத்தைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டுவதைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் சட்டம் இருப்பது வேறு, மேனேஜர் எப்படிப்பட்டவர் என்பது வேறு. அவரை எடை போட உங்களால்தான் முடியும்.

ஆட்டிசம் என்ற பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் கேட்டுத் தொடங்கலாம். இப்படி எழுதுங்கள்: "சார், வேலையை மெயிலில் அனுப்பினால் தவறில்லாமல் முடிக்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு வேலை வந்தால் எது முதலில் என்று குறித்துத் தாருங்கள். கதவோரம் சத்தம் அதிகம், சுவர்ப் பக்கத்து இடம் கிடைத்தால் நல்லது." மூன்றே விஷயம், எதற்கும் மருத்துவச் சான்று தேவைப்படாது. அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று சில வாரங்கள் பார்த்துவிட்டு மீதியை முடிவு செய்யுங்கள். நேரில் சொல்லாதீர்கள், மெயிலிலேயே அனுப்புங்கள். பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள்.