சன்னலில் இல்லாத வானவில் சரவிளக்கில் எப்படி?

கேள்வி: எங்கள் வீட்டு முகப்பில் தொங்கும் பழைய சரவிளக்கில் காலை வெயில் பட்டால் சுவரெல்லாம் வானவில் துண்டுகள். சன்னல் கண்ணாடி வழியே வரும் அதே வெயில் வெறும் வெளிச்சம்தான். இரண்டும் கண்ணாடிதானே? உடைந்த தொங்கல்களுக்குப் பதிலாக மாட்டிய புதியவையும் அவ்வளவாக நிறம் காட்டவில்லையே, ஏன்?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: சன்னலிலும் நிறம் பிரியத்தான் செய்கிறது. கண்ணாடிக்குள் புகும் ஒளி அங்குள்ள எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. அவற்றின் இயல்பான அதிர்வு புறஊதாப் பகுதியில் இருப்பதால், அதற்குப் பக்கத்தில் உள்ள நீலத்துக்குக் கூடுதலாக ஆடும், சிவப்புக்குக் குறைவாக. அதனால் நீலம் கண்ணாடிக்குள் மெதுவாகப் போகிறது, அதிகம் விலகுகிறது. ஈயமில்லாத கிரௌன் கண்ணாடியில் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு திருப்பும் என்ற அளவு) சிவப்புக்கு (அலைநீளம் 656 நானோமீட்டர்) 1.514, நீலத்துக்கு (486) 1.522.

சன்னலின் இரு முகங்களும் இணையானவை. முதல் முகத்தில் திரும்பிய ஒளியை இரண்டாம் முகம் பழைய திசைக்கே திருப்பிவிடும். 5 மி.மீ. கண்ணாடியில் வெயில் 45 பாகை சாய்ந்து விழுந்தாலும், சிவப்பும் நீலமும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே விலகி, இணையாக வெளியே வரும். அது கண்ணுக்குத் தெரியாது. தொங்கலின் பட்டைகளோ ஒன்றுக்கொன்று சாய்ந்தவை. உள்ளே பிரிந்தது வெளியேறும்போது இன்னும் விரியும். இரு முகங்கள் 60 பாகை சாய்ந்த பட்டகத்தில் (முக்கோணக் கண்ணாடித் துண்டில்) கிரௌன் கண்ணாடி இந்த இரு நிறங்களை 0.7 பாகை பிரிக்கும். பத்தடி தள்ளியுள்ள சுவரில் அது சுமார் 4 செ.மீ. ஈயம் மிகுந்த ஃபிளின்ட் கண்ணாடியில் 1.7 பாகை, கிட்டத்தட்ட 9 செ.மீ.!

சூரிய வட்டமே அரைப் பாகை அகலம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 0.7 பாகைதான் பிரிந்தால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நடுப்பகுதி வெளுத்துவிடும். உங்கள் பழைய தொங்கல்கள் ஈயக் கண்ணாடியாகவும், புதியவை ஈயமில்லாத கண்ணாடியாகவோ அக்ரிலிக் பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம்; அக்ரிலிக்கும் ஏறக்குறைய கிரௌன் அளவுக்கே நிறம் பிரிக்கும்.

சோதிப்பது எளிது. கொக்கியைக் கழற்றிவிட்டு, நகை எடைபோடும் தராசில் தொங்கலை ஒருமுறை சும்மாவும், நூலில் கட்டித் தராசிலிருந்து தொங்கவிட்டு, தண்ணீரில் முழுக அமிழ்த்தி ஒருமுறையும் நிறுங்கள். முதல் எடையை இரண்டு எடைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் 1.2 வந்தால் அக்ரிலிக், 2.5 சாதாரணக் கண்ணாடி, 3 அல்லது அதற்கு மேல் ஈயக் கண்ணாடி. நூலோடு ஒட்டிய காற்றுக்குமிழி கணக்கைக் கெடுக்கும், தட்டி உதிர்த்துவிடுங்கள்.

பழைய தொங்கல்கள் மங்கியிருந்தால் விளக்குப் புகையும் தூசியும்தான் காரணம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்துணியால் துடைத்தால் போதும். சாம்பல் போட்டுத் தேய்க்கவே வேண்டாம்: ஈயக் கண்ணாடி மென்மையானது, கீறல் விழுந்த பட்டை ஒளியைச் சிதறடிக்கும். நிறம் ஆத்தங்குடித் தளத்தின் பூவேலையில் விழுந்தால் சரியாகத் தெரியாது. அங்கே வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துப் பாருங்கள்.